ஒருங்கக்கா நடத்திய கால் சோதனை

போன வருடம் வரை எங்கள் மருத்துவ நிலையத்தில் நோயாளி என்று ஒருவர்கூடக் கிடையாது. எல்லோரும் நலம். நான் சொல்லவில்லை, பதிவேடு சொல்கிறது. படையில் இருப்பவர்கள், படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், அவர்களுடைய மனைவி மக்கள் என்று நாளொன்றுக்கு நூற்றைம்பது பேர் நொண்டிக்கொண்டும் இருமிக்கொண்டும் வருவார்கள். டாக்டரைப் பார்ப்பார்கள். சீட்டில் 'நலம்' என்று முத்திரை வாங்கிக்கொண்டு, நொண்டிக்கொண்டும் இருமிக்கொண்டும் திரும்பிப் போவார்கள். இந்தச் சாதனைக்காகத் தலைமையகம் மூன்று வருடம் தொடர்ந்து எங்களுக்குக் கேடயம் கொடுத்தது. அதை டோக்கன் இயந்திரத்துக்கு மேலே மாட்டி வைத்திருந்தோம். டோக்கன் வராது, கேடயம் மட்டும் பளபளக்கும்.

நான் அங்கே மருந்து கொடுக்கிறவன். என் ஜன்னலின் துவாரத்தை இடுப்பு உயரத்தில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். குனியாமல் யாரும் மருந்து வாங்க முடியாது. குனிய முடியாமல் முதுகு வலியோடு வருகிறவர்களும் குனிந்துதான் முதுகு வலி மாத்திரை வாங்க வேண்டும். இதைப் பற்றி நான் ஏழு முறை எழுதிக் கொடுத்தேன். எட்டாவது முறை எழுதக் கை வரவில்லை. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், ஆனால் கோபத்தை எழுத்தில் கொண்டுவரும் பொறுமை கிடையாது.

அந்தப் பொறுமை இருந்த ஒரே ஆள் ஒருங்கக்காதான். டாக்டர் அறைக்கும் கழிவறைக்கும் நடுவே, நடைபாதையில், ஒரு மேஜையும் ஒரு தொலைபேசியும் அவருக்குக் கொடுத்திருந்தார்கள். பதவிப் பெயர் மருத்துவச் சேவை ஒருங்கிணைப்பாளர். பெயர்ப் பலகை எழுத வந்தவர், 'ஒருங்' என்பதோடு பலகை தீர்ந்துவிட்டதால், மீதியை வேறு பலகையில் எழுதிக்கொண்டு வருகிறேன் என்று போனார். பதினாலு வருடமாகிறது. அவர் வரவில்லை. ஓய்வு பெற்ற வீரர்கள் பலகையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் படிப்பார்கள், ஆகவே ஒருங்கக்கா.

பிறவியில் தாம் சாதுவான குரல்காரர் என்று சொல்வார். கட்டிக்கொண்டது பீரங்கிப் படைக்காரரை. பீரங்கிக்காரருக்கு இருபது வருடத்தில் வலது காது போயிற்று, அது தனியாகப் போகக் கூடாதென்று இடது காதும் துணைக்குப் போயிற்று. வீட்டில் உப்புக் கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். கத்திக் கத்தி அந்த அம்மாவின் தொண்டை அப்படியே நிலைத்துவிட்டது. ஒருங்கக்கா யாரிடமாவது ரகசியம் பேசினால், வெளியே வண்டி நிறுத்துகிற இடத்திலிருந்து, "அப்படியா சங்கதி!" என்று ஒரு குரல் வரும். அவர் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் பேசும்போது, இவருக்குத் தொலைபேசி எதற்கு என்று நான் கேட்பேன்.

அவருடைய வேலை என்னவென்று எனக்குப் புரியவே இரண்டு வருடமாயிற்று. எங்கள் நிலையத்தில் காய்ச்சல், சளிக்குத்தான் மருந்து உண்டு. அதற்கு மேல் என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போவதற்கு டாக்டரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். கடிதம் இருந்தால் தலைமையகம் அனுமதி எண் கொடுக்கும். அனுமதி எண் இருந்தால் ஆஸ்பத்திரி தேதி கொடுக்கும். தேதி வருகிற அன்று வண்டி வேண்டும், கூட வருகிற மனைவிக்குத் தங்க இடம் வேண்டும். இதில் ஒன்று கிடைக்கும்போது இன்னொன்று காலாவதியாகிவிடும். இந்த ஐந்தையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் ஒருங்கக்காவின் வேலை. தவளைகளைத் தராசில் வைத்து நிறுப்பது போன்ற வேலை, ஆனால் அவர் நிறுத்துவிடுவார்.

ஒரு தடவை, எங்கோ தூரத்தில் பணியில் இருந்த ஒரு சிப்பாயின் மனைவிக்கு எட்டாம் மாதத்திலேயே வலி எடுத்துவிட்டது. படிவத்தில் 'கணவர் தற்போது இருக்கும் இடம்' என்று ஒரு கட்டம். அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது படையின் உத்தரவு. அதை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டேன் என்பது கணினியின் உத்தரவு. அந்தப் பெண் பெஞ்சில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். தலைமையகத்தைக் கேட்டால், பரிசீலிக்கிறோம் என்கிறார்கள். ஒருங்கக்கா அரை நிமிடம் திரையை முறைத்துவிட்டு, 'வேலையில்' என்று அடித்தார். கணினி வாயை மூடிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போயிற்று. பெண் குழந்தை பிறந்தது, தாயும் சேயும் நிஜமாகவே நலம்.

இனி டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஓய்வு பெற்ற கர்னல், படையில் டாக்டராக இருந்தவர், எழுபதை நெருங்குகிறவர். கெட்ட மனிதர் இல்லை. நல்ல மனிதர் என்பதுதான் சிக்கலே. "படைவீரன் பொய் சொல்ல மாட்டான்" என்பது அவர் நம்பிக்கை. ஒரு பழைய வீரர் உள்ளே வந்ததும், "எப்படி இருக்கீங்க?" என்பார். அவர் குதிகாலை அடித்து நிமிர்ந்து, "நல்லா இருக்கேன் சார்!" என்பார். அதிகாரி கேட்டால் அதற்கு வேறு பதிலே படையில் கிடையாது. பதினெட்டு வயதில் மண்டையில் ஏற்றியது, அறுபத்தெட்டில் இறங்குமா? கர்னல் மகிழ்ந்து போய், 'நலம்' என்று எழுதுவார். எழுதி எழுதிக் கை வலித்ததால் ரப்பர் முத்திரை செய்துகொண்டார். அவர் கை வலிக்கு மட்டும் நிவாரணம் உடனே கிடைத்தது.

வாரத்துக்கு ஒருமுறை கர்னலே என் ஜன்னலுக்கு வந்து, மற்றவர்களைப் போலக் குனிந்து, பஞ்சும் கட்டுத் துணியும் களிம்பும் வாங்கிப் போவார். "நாய்க்கு" என்பார். "கால்ல புண்ணு. ஆற மாட்டேங்குது." நாயின் மேல் இவ்வளவு பாசமா என்று எனக்கு அவர்மேல் மரியாதைகூட உண்டு.

ஒரு நாள் ஒருங்கக்காவின் கணவர் பீரங்கிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே போனார், "நல்லா இருக்கேன் சார்!" என்று நிலையமே அதிரச் சொன்னார், முத்திரை வாங்கினார், என் ஜன்னலுக்குக் குனிந்தவர் அப்படியே உருண்டு விழுந்தார். குடல்வால் வெடிக்க இன்னும் அரை நாள்தான் இருந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அறுத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் பொறுத்திருந்துவிட்டு, ஒருங்கக்கா அவரை உட்கார வைத்து விசாரித்தார். மறுநாள் அதை எனக்கு வரி பிசகாமல் சொன்னார். சொன்னபோது வரிசையில் நின்ற எல்லோருக்கும் சேர்த்தே சொன்னதாக ஆயிற்று.

"நான் கேட்டேன் தம்பி, உங்க துப்பாக்கி பழுதாச்சுன்னா அதிகாரிகிட்ட சொல்வீங்களா மாட்டீங்களான்னு. 'சொல்லாம? மறைச்சா தண்டனை இல்ல?'ங்கிறார். அப்ப வயிறு வலிச்சா ஏன்யா சொல்லலன்னேன். என்ன சொன்னார் தெரியுமா? 'துப்பாக்கி அரசாங்கத்தோடது. வயிறு என்னோடதுதானே'ன்னார்."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? வாயடைச்சுப் போயிட்டேன்."

ஒருங்கக்கா வாயடைத்துப் போனது சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை, அதுவும் ஒரு ராத்திரிக்குத்தான். காலையில் ஒரு படிவத்தோடு வந்தார். தலைப்பு: 'அரசு உடைமைகள், குறைபாட்டு அறிக்கை.' அதன் கீழே, படையில் சாமான் சோதனையின்போது எழுதுவது போலவே, மூன்று கட்டங்கள்: பொருள், வழங்கப்பட்டது, தற்போதைய நிலை. பொருள் என்ற கட்டத்தின் கீழே கண், காது, பல், முழங்கால், நெஞ்சு என்று தலை முதல் கால் வரை வரிசையாக இருந்தது. உள்ளே போகும் முன் ஒவ்வொருவரும் இதை நிரப்ப வேண்டும். யாராவது தயங்கினால், "பணியில சேந்தப்ப உங்க உடம்பை அளந்து எடை போட்டுக் கையெழுத்து வாங்கினாங்களா இல்லையா? அப்ப அது யாரோடது? குறையை மறைப்பீங்களோ?" என்பார். அவ்வளவுதான். அரசாங்கச் சொத்தில் குறையை மறைத்தவன் என்ற பேர் வாங்க எந்தச் சிப்பாயும் தயாரில்லை.

ஐயோ, என்ன எழுதினார்கள்! 'பல்: வழங்கப்பட்டது முப்பத்திரண்டு. கையிருப்பு பதினொன்று. மீதி எதிரி நடவடிக்கையால் இழக்கப்படவில்லை, தானே விழுந்தது.' 'முழங்கால், இடது: மடங்குகிறது, நிமிர மறுக்கிறது. ஒழுங்கு நடவடிக்கை தேவை.' 'கண், வலது: எட்டு மாதமாகப் புகை மூட்டம். நண்பன் யார் பகைவன் யார் தெரியவில்லை. நேற்று அண்டை வீட்டுக்காரரின் மனைவியை என் மனைவி என்று அழைத்துவிட்டேன்.' ஒரு முன்னாள் சமையற்காரர், 'தூக்கம்: வழங்கப்படவே இல்லை' என்று எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருங்கக்கா அந்த மனிதருக்காகப் பதினோரு முறை தொலைபேசி செய்து மனநல மருத்துவரிடம் தேதி வாங்கினார்.

கையெழுத்திட்ட அறிக்கையை ஒதுக்கக் கர்னலுக்கும் மனம் வரவில்லை. முத்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் காய ஆரம்பித்தது. ஆனால் அவர் அடிக்கடி வெளியே வந்து கேடயத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இந்த வருஷம் நம்ம மானத்தை வாங்கிடுவீங்க போலிருக்கே அம்மா" என்றார்.

"உசிரை வாங்காம இருந்தா சரி சார்" என்றார் ஒருங்கக்கா.

இப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் என் அக்கா வீட்டுக்காரர் விஷயம் வந்தது. அத்தான் படையில் டிரில் மாஸ்டர். இருபத்துநான்கு வருடம் புதிதாகச் சேர்ந்தவர்களை மைதானத்தில் ஓட விட்டு, அவர்கள் சாமான்களில் ஒரு பொத்தான் குறைந்தாலும் அத்தனையையும் ஜன்னல் வழியாக வீசினவர். நொண்டினவனை இன்னும் இரண்டு சுற்று ஓட வைத்தவர். சர்க்கரை வியாதி வந்து எட்டு வருடமாகிறது. அதையும் தமக்குக் கீழ்ப்பட்ட ஒரு சிப்பாயாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அவர் சாக்ஸைத் துவைக்கப் போட மாட்டேங்கிறார்டா. அவரே துவைக்கிறார். கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு கைக்குட்டையைத் துவைச்சது கிடையாது." அன்று ராத்திரியே அவர் தூங்கும்போது போர்வையை விலக்கிப் பார்த்தேன். வலது காலில் கடைசி இரண்டு விரல்களும் கறுத்துப்போயிருந்தன. பாதத்தின் ஓரத்தில் ஒரு குழி. வாடை வந்தது. மருந்து ஜன்னலில் முப்பது வருடம் நிற்கிறவனுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கறுப்பு கணுக்காலை எட்டினால் பாதமே போய்விடும்.

ஒருங்கக்காவிடம் சொன்னேன். அவர் தொலைபேசியை எடுத்து, இரத்தக் குழாய் நிபுணர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவது வியாழக்கிழமை மட்டும்தான் என்று தெரிந்துகொண்டு, அந்த வியாழனுக்கே ஓர் இடம் பிடித்தார். அடுத்த இடம் ஐந்து வாரம் கழித்துத்தான். ஐந்து வாரம் அந்தக் கால் தாங்காது. கர்னல் புதன்கிழமை நண்பகலுக்குள் கடிதத்தில் கையெழுத்திட வேண்டும், இட்டால் தலைமையகம் அனுமதி எண் கொடுக்கும். இவ்வளவுதான் வேண்டியது.

திங்கட்கிழமை அத்தானை அழைத்துவந்தோம். ஒருங்கக்கா படிவத்தை நீட்டினார். அத்தான் அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். சாமான் சோதனையில் எதிர்ப்பக்கம் நின்ற மனிதர் அல்லவா? பேனாவை வாங்கி, எல்லாக் கட்டத்திலும், 'சரி', 'சரி', 'சரி' என்று எழுதினார். கால் என்ற இடத்தில், 'இரண்டு. மிகச் சரி.' உள்ளே போனார். கர்னல் வழக்கம்போலக் கேட்டார். அத்தான் புண் இருந்த அந்த வலது காலையே ஓங்கித் தரையில் அடித்து, "நல்லா இருக்கேன் சார்!" என்றார். மேஜையில் இருந்த தண்ணீர் தம்ளர் குதித்தது. கர்னல், 'நலம். கால்கள் உறுதி' என்று எழுதினார்.

எனக்கு வந்த கோபத்தில் உள்ளே நுழைந்தேன். "சார், என் கண்ணால பாத்தேன். விரல் கறுத்திருக்கு."

"மச்சினன் சொல்றதை வச்சு நான் எழுத முடியுமா?" என்றார் கர்னல். பிறகு அத்தானிடம் மிகவும் மரியாதையாக, "மாஸ்டர், உங்களுக்கு ஆட்சேபணை இல்லேன்னா, ஷூவைக் கொஞ்சம் கழட்டிப் பாக்கலாமா?"

"அவசியமில்ல சார்!" மறுபடி ஓர் அடி. தம்ளர் கவிழ்ந்தது.

"படைவீரன் பொய் சொல்ல மாட்டான்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கர்னல் அடுத்த சீட்டை எடுத்தார். அத்தான் மிடுக்காக நடந்து வெளியே வந்தார். அவர் நடந்த தரையில் சின்னதாக ஓர் ஈரத் தடம் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் நான் கட்டுப் போட்டேன். அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "காட்டினா வெட்டிடுவாங்கடா."

"காட்டலன்னா தானா விழும் அத்தான்."

"இந்தக் காலை வச்சு ஆயிரம் பேருக்கு நடக்கக் கத்துக்குடுத்தேன். இது போச்சுன்னா நான் யாரு?"

இதற்கு என்னிடம் மருந்து இல்லை. அந்த மனிதரை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஒருங்கக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாயில் பேனாவை வைத்துக் கடித்துக்கொண்டு கேட்டார். "கர்னல் 'கழட்டிப் பாக்கலாமா'ன்னா கேட்டார்?"

"ஆமா."

"அது வேண்டுகோள் தம்பி. வேண்டுகோளை மறுக்கலாம். உத்தரவைத்தான் மறுக்க முடியாது." மேஜையைப் பூட்டிவிட்டு அரை நாள் விடுப்பில் வீட்டுக்குப் போனார். அங்கே பீரங்கிக்காரரிடம் கேட்டிருக்கிறார், எந்தச் சோதனையில் குறையை மறைக்கவே முடியாது என்று. கேள்வி அவர் காதில் ஏற மூன்று முறை கத்த வேண்டியிருந்ததாம். பதில் உடனே வந்தது. கால் சோதனை. நாற்பது கிலோமீட்டர் நடந்து முடித்ததும் எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்து, 'காலணி கழற்று' என்று ஓர் உத்தரவு வரும். ஒருவன் காலில் கொப்புளம் இருந்தால் மறுநாள் மொத்தப் படையும் அவனால் தாமதமாகும். அதனால் அங்கே மட்டும், காட்டாதவனுக்குத்தான் தண்டனை. எப்படிக் கூவுவார்கள் என்று பீரங்கிக்காரர் கூவிக் காட்டினார். ஒருங்கக்கா திருப்பிக் கூவினார். சாயங்காலம் வரை இருவரும் கூவினார்கள். தெருவில் போன தபால்காரர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, என்ன குற்றம் செய்தோம் என்று நின்றதாக ஒருங்கக்கா சொன்னார். அதில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை பதினோரு மணி. கூடத்தில் பெஞ்சு முழுக்கப் பழைய வீரர்கள். அத்தானைக் கெஞ்சிக் கூத்தாடி, சர்க்கரை மாத்திரை வாங்கத்தான் என்று பொய் சொல்லி அக்கா கூட்டிவந்திருந்தாள். அவர் பெஞ்சில் உட்காரவில்லை, சுவரோரம் விறைப்பாக நின்றார். ஷூ கண்ணாடி மாதிரி மினுங்கியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன், அத்தான் பாலிஷில் மறைத்துக்கொண்டு நின்றார். கர்னல் ஏதோ சீட்டைத் தேடி அறை வாசலுக்கு வந்திருந்தார்.

ஒருங்கக்கா நாற்காலியை விட்டு எழுந்தார். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டார். அவர் மூச்சை இழுத்ததை மட்டும் பார்த்தேன்.

"படை... கால் சோதனைக்கு... காலணி... கழ...ற்று!"

அலமாரியில் மருந்து பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அடுத்த நொடி ஒரு சத்தம் கேட்டது, நாற்பது பேர் ஒரே சமயத்தில் குனியும் சத்தம். என் ஜன்னலுக்குக் குனிய முடியாமல் முனகுகிறவர்கள் எல்லாம் குனிந்துவிட்டார்கள். நாடா அவிழ்ந்தது, காலணிகள் பெஞ்சுக்கு முன்னால் ஜோடி ஜோடியாக, மூக்கு நேராக, வரிசையில் நின்றன. தடியூன்றி வந்தவர், மூச்சிரைப்போடு வந்தவர், யாரும் தப்பவில்லை. சுவரோரம் அத்தானும் தரையில் உட்கார்ந்து இரண்டு ஷூவையும் கழற்றிவிட்டார். கழற்றிய பிறகுதான், தான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரிந்தது. சாக்ஸில் மஞ்சளும் சிவப்புமாக ஊறியிருந்தது. அவர் அதைக் கையால் மூடப் பார்த்தார். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கூடமே அத்தான் காலைப் பார்த்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் கூடம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அறை வாசலில், தரையில், கர்னல் உட்கார்ந்திருந்தார். அவருடைய காலணிகள் எல்லோருடையதையும்விட நேராக வைக்கப்பட்டிருந்தன. இடது பாதத்தைச் சுற்றி நான் கொடுத்த கட்டுத் துணி. எனக்கு அந்தத் துணியைத் தெரியும், அதன் ஓரத்து நீல நூலைத் தெரியும். அதைத் தாண்டி எட்டிப் பார்த்த பெருவிரலின் நிறம் நன்றாக இல்லை.

நாய்.

கர்னல் தம் காலையே யாரோ அந்நியனின் காலைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து, வெறும் காலோடு நடந்து வந்து அத்தான் முன்னால் உட்கார்ந்தார். சாக்ஸை அவரே கழற்றினார். விரல்களைத் தொட்டார், பாதத்தை அழுத்தினார், நாடியைத் தேடினார். எத்தனையோ வருடம் கழித்து அவர் டாக்டராக இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

"எத்தனை நாளா மாஸ்டர்?"

"நாலு மாசம் சார்."

"எனக்கு ஆறு" என்றார் கர்னல்.

ஒருங்கக்கா கடிதத்தையும் பேனாவையும் நீட்டினார். பதினொன்றே கால் மணிக்குக் கர்னல் கையெழுத்திட்டார். பிறகு ஒருங்கக்கா இன்னொரு வெற்றுக் கடிதத்தை எடுத்து, தாமே கர்னலின் பெயரை எழுதி, "இதுலயும் போடுங்க சார்" என்றார். தமக்குத் தாமே பரிந்துரைக்க விதி உண்டா என்று கர்னல் முணுமுணுத்தார். "நாய்க்கே வைத்தியம் பாத்தாச்சு, உங்களுக்குப் பாக்கக் கூடாதா?" என்றேன் நான். அவர் என்னைப் பார்க்காமல் கையெழுத்திட்டார்.

அதோடு நிற்கவில்லை. கூடத்தில் இருந்த மற்ற கால்களையும் அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நண்பகலுக்குள் தலைமையகத்துக்குப் பத்தொன்பது பரிந்துரைகள் போயின. பன்னிரண்டரைக்குத் தொலைபேசி அடித்தது. "ஒரே நாள்ல பத்தொன்பது பேருக்கா அனுமதி எண் கேக்குறீங்க? அங்க ஏதாவது தொத்து நோயா?" என்று கேட்டார்கள்.

"ஆமாங்க" என்றார் ஒருங்கக்கா. "உங்க பக்கமும் வரும்."

பயந்துபோய்ப் பத்தொன்பது எண்ணையும் உடனே கொடுத்துவிட்டார்கள். கேடயத்தை மட்டும் அடுத்த மாதம் ஆளனுப்பித் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். அது இருந்த இடத்துச் சுவர் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிகிறது, மற்றபடி யாரும் அதைத் தேடவில்லை.

கர்னலுக்கும் அதே வியாழனில் ஓர் இடத்தை ஒருங்கக்கா தொலைபேசியில் கத்தியே வாங்கிவிட்டார். வியாழக்கிழமை காலை ஒரே வண்டியில் டிரில் மாஸ்டரும் கர்னலும் போனார்கள், நானும் அக்காவும் கூட. முன் இருக்கையில் ஒருங்கக்கா இரண்டு கோப்புகளையும் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டில். நிபுணர் ஒரு பெண், என் மகள் வயதுதான் இருக்கும். வந்ததும் முதலில் அத்தானிடம் கேட்டார். "எப்படி இருக்கீங்க?"

அத்தானின் நெஞ்சு நிமிர்ந்தது. போர்வைக்குள் அந்தக் கால் தரையைத் தேடி அசைந்தது. அடிக்கத் தரை இல்லை. "நல்..." என்று ஆரம்பித்தவர், பக்கத்தில் அக்காவைப் பார்த்தார். அக்கா அவருடைய ஷூக்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

"வலிக்குது" என்றார் அத்தான். "ரொம்ப வலிக்குது."

அக்கா அழுதுவிட்டாள். முப்பத்தைந்து வருடத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றுதான் கேட்டதாகப் பிறகு என்னிடம் சொன்னாள். நானும் அழுதேன், அதில் வெட்கமில்லை. இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் நின்றது. இன்றைக்கும் அத்தான் நடக்கிறார், கொஞ்சம் நொண்டிக்கொண்டு.

ஆனால் அவர் அதைச் சொன்ன அந்தச் சமயத்தில், நிபுணர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது, அடுத்த கட்டிலிலிருந்து மிகச் சின்னக் குரல் ஒன்று வந்தது. அதிகாரியிடம் சிப்பாய் பேசுகிற குரல்.

"எனக்கும்தான் அம்மா" என்றார் கர்னல்.